ஸ்பிரிட் கொண்டு நகை துலக்குதல்

அணிந்த நகைகளில் படியும் எண்ணெய்ப் பிசுக்கையும் அழுக்கையும் ஆல்கஹாலில் கரைத்து வீட்டிலேயே நீக்கும் முறை. அமெரிக்காவில் ரப்பிங் ஆல்கஹால் என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் 70 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மீதி நீரும் சேர்ந்த கலவை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பெட்ரோலிய வாயுவிலிருந்து பெருமளவில் தயாரிக்கும் தொழில் அங்கே 1920-இல் தொடங்கியது. நம் மருந்துக் கடைகளில் ஸ்பிரிட் என்று கேட்டால் இதுவும் கிடைக்கும், எத்தனாலில் செய்த சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் கிடைக்கும். நகையைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: எண்ணெயையும் பிசினையும் கரைக்கின்றன, பொன்னையும் வெள்ளியையும் தொடுவதில்லை. இந்த முறையின் பயனும் கேடும் இந்த ஒரு குணத்திலிருந்தே வருகின்றன.

ஸ்பிரிட் வருவதற்கு வெகுகாலம் முன்பே தமிழர் வீடுகளிலும் தட்டார் பட்டறைகளிலும் இந்த வேலையைப் பூந்திக்கொட்டை செய்துவந்தது. பூவந்திக்கொட்டை என்றும் சொல்வர். தாவரவியலில் சப்பிண்டஸ் எமார்ஜினேட்டஸ் எனப்படும் மரத்தின் காய் இது. உலர்ந்த காயின் தோலில் சப்போனின் என்ற நுரைக்கும் பொருள் மிகுந்துள்ளது. நாலைந்து காய்களை உடைத்துக் கொட்டையை நீக்கி, தோலை இரவே வெந்நீரில் ஊறவைத்துக் காலையில் பிசைந்தால் சோப்பு நீர்போல் நுரை வரும். அதில் நகையை ஊறவிட்டு மென்மையான பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். வெள்ளிக் கொலுசுக்கும் குங்குமச் சிமிழுக்கும் திருநீறு. பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி. இந்தப் பகுப்பில் பட்டறிவு இருக்கிறது. முத்தும் பவளமும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. புளியின் அமிலம் அவற்றை அரித்துவிடும். முத்து எளிதில் கெடும் என்பது பழந்தமிழர் அறிந்ததே. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரை இரத்தினக் கடைத்தெருவை வருணிக்கும்போது, காற்று, மண், கல், நீர் ஆகியவற்றால் முத்துக்கு நேரும் குற்றங்களைப் பிரித்துச் சொல்கிறது. அன்றாடம் அணியும் தங்க நகைக்குப் பூந்திக்கொட்டையே போதும். ஸ்பிரிட் தேவைப்படுவது இரண்டு இடங்களில்தான்.

ஒன்று வைரம். வைரத்தின் முகத்தில் நீர் ஒட்டாது, எண்ணெய் சட்டென ஒட்டும். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் கொழுப்புத் தடவிய மேசைமீது கற்களையும் நீரையும் ஓடவிட்டு, ஒட்டிக்கொள்ளும் வைரத்தை மட்டும் பிரித்தெடுத்தது இந்தக் குணத்தை வைத்துத்தான். தலைக்கு எண்ணெய் வைத்து, முகத்துக்குப் பவுடர் போடும் நம் பெண்களின் எட்டுக்கல் பேசரியும் ஏழுகல் தோடும் சில வாரங்களிலேயே மங்குவதற்கு இதுவே காரணம். கல் மங்கவில்லை, அதன் அடியில் பிசுக்கு ஏறியிருக்கிறது. மற்றொன்று மஞ்சள். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் நீரில் கரையாது என்றே சொல்லலாம், ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். பல ஆண்டுகள் மஞ்சள் பூசிக் குளித்த தாலிக்கொடியைச் சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றி அமிழ்த்தினால், கண்ணிகளின் இடுக்கிலிருந்து மஞ்சள் நூல்நூலாக இறங்கும். சற்று நேரத்தில் கிண்ணம் முழுதும் பொன்னிறமாகிவிடும். பார்ப்பவர்கள் தங்கம் கரைகிறதோ என்று பயந்துவிடுவார்கள், கரைவது மஞ்சளே. மஞ்சள் கயிற்றில் கோத்த தாலியானால் கயிறு வெளுத்துவிடும்.

மிகக் கவனம் வேண்டிய இடம் அரக்கு. மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுபவர்கள் அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்துத்தான் பாலிஷே தயாரிக்கிறார்கள். அதே அரக்குதான் நம் பழைய நகைகள் பலவற்றின் உள்ளே இருக்கிறது. நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகைகளில் வெள்ளித் தகட்டுக் கூட்டுக்குள் அரக்கை நிரப்பி, கெம்புக் கற்களைப் பதித்து, பொன்தகடு ஒட்டுகிறார்கள். பரதநாட்டியத் தலைசாமான், சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி ஆகியவை இந்த மரபில் வந்தவை. இவற்றை ஸ்பிரிட்டில் ஊறவிட்டால் கல் நிற்கும் பிடிப்பே இளகிவிடும். கல்லுக்கு ஒளி கூட்ட அடியில் வைத்த மினுக்குத் தகட்டில் ஈரம் ஏறினால் அது கறுத்து, சிவப்புக் கல் பழுப்பாகத் தெரியும். கல் பதித்த கட்டைப் பிரித்து மறுபடி கட்டாமல் அதைச் சரிசெய்ய முடியாது. பாட்டி காலத்துக் கல் அட்டிகை ஒரே பிற்பகலில் வீணாவது இப்படித்தான். தங்கத்திலும் உள்ளீடற்ற குண்டுகளில் அரக்கு அடைப்பதுண்டு. விற்கப் போனால் கடைக்காரர் அரக்கு எடை கழிப்பது அதற்காகவே. தாலிக்கொடியில் அத்தகைய குண்டு கோத்திருந்தால், அதை வெளியே நிறுத்திச் சங்கிலியை மட்டும் நனைக்க வேண்டும். நகையைத் திருப்பிப் பார்த்தாலே கட்டு தெரிந்துவிடும். பின்புறம் கல் திறந்து, வெளிச்சம் ஊடுருவினால் திறந்த கட்டு. தகட்டால் மூடியிருந்தால் ஸ்பிரிட் ஆகாது, ஈரம் பிழிந்த துணியால் துடைப்பதோடு சரி.

மரகதத்துக்கும் ஆகாது. மரகதத்தின் இயற்கையான வெடிப்புகள் தெரியாதிருக்க எண்ணெய் ஊட்டுவது நெடுநாளைய வழக்கம். ஆல்கஹால் அந்த எண்ணெயை இழுத்துவிட்டால் கீறல்கள் வெளிப்படும். முத்தையும் பவளத்தையும் வறளச் செய்யும். ஆகவே நவரத்தின மோதிரத்தில் ஒன்பதில் மூன்று கற்கள் ஸ்பிரிட்டுக்கு ஒவ்வாதவை. அந்த மோதிரத்தை நனைக்கவே கூடாது. சிதம்பரம் கவரிங் முதலிய முலாம் நகைகளுக்கு ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் ஒற்றித் துடைப்பதே அதிகம். பசையால் கல் ஒட்டியவற்றுக்கு அதுவும் வேண்டாம். வெள்ளியின் கறுப்பு சில்வர் சல்பைடு. அது ஆல்கஹாலில் கரையாது. கொலுசை எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் பிசுக்கு போகும், கறுப்பு போகாது.

செய்முறை எளிது. நகை மூழ்கும் அளவு ஸ்பிரிட்டில் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து, குழந்தைகளின் பல்துலக்கும் பிரஷ்ஷால் கல்லின் அடிப்புறத்தைத் தேய்த்து, வெதுவெதுப்பான நீரில் அலசி, பழைய வேட்டித் துணியில் ஒற்ற வேண்டும். அலசுவது கிண்ணத்தில், தொட்டியில் அலசி மூக்குத்தித் திருகைச் சாக்கடைக்குக் கொடுத்தவர்கள் உண்டு. ஸ்பிரிட்டுக்குப் பதிலாகக் கைகழுவும் சானிடைசர் ஆகாது; அதில் கிளிசரின் இருப்பதால் அது பிசுக்கை எடுத்துவிட்டுத் தானே படலமாகப் படியும். தூய ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலின் ஆவி 12 பாகை செல்சியசிலேயே தீப்பற்றும் நிலையை எட்டும். நம் சமவெளி வீடுகளின் வெப்பம் எப்போதும் அதற்கு மேல்தான். எனவே அடுப்பங்கரையிலும், விளக்கோ ஊதுபத்தியோ எரியும் பூசையறையிலும் இதைச் செய்யக் கூடாது. சன்னல் திறந்திருக்க வேண்டும். ஸ்பிரிட்டைப் பிளீச்சிங் நீரோடு கலந்தால் நச்சுப் பொருள்கள் உண்டாகும்.

வீட்டு வாசலில் வந்து நகைக்குப் பாலிஷ் போட்டுத் தருவதாகச் சொல்பவர்களிடம் கொடுப்பது இன்றும் நடக்கிறது. அவர்களில் மோசடிக்காரர்கள் பயன்படுத்துவது தங்கத்தையே கரைக்கும் இராஜ திராவகம். நகை பளபளப்பாகத் திரும்பி வரும், எடை குறைந்திருக்கும்.

இப்போது நகைக்கடைகளில் மீயொலிக் கருவிகளும் புழங்குகின்றன. அரக்குக் கட்டு நகையையும் மரகதத்தையும் முத்தையும் அவற்றிலும் இடக் கூடாது.