பாதி கீயின் கணக்கு

மோட்டார் ஒரு தொழிற்சாலையில் தயாராகிறது. அதைப் பம்புடன் இணைக்கும் கப்ளிங் வேறொரு தொழிற்சாலையில் தயாராகிறது. இரண்டையும் தனித்தனியாக பேலன்ஸ் செய்து, "சரியாக உள்ளது" என்று சான்றிதழும் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் இரண்டையும் மாட்டி ஓட்டினால் இயந்திரம் அதிர்கிறது! தவறு யாருடையது?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1866-ல் சீமென்ஸ் டைனமோவை உருவாக்கிய பிறகு, வேகமாகச் சுழலும் இயந்திரங்கள் பெருகின. சுழலும் பாகத்தில் ஒரு பக்கம் சிறிது எடை கூடினாலும் பேரிங் தேய்ந்துவிடும். 1870-ல் கனடாவைச் சேர்ந்த மார்ட்டின்சன் என்பவர் பேலன்சிங் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1908-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் கார்ல் ஷெங்க் நிறுவனம், லவாசெக் என்பவரின் முறைக்கு உரிமை பெற்று இத்துறையில் இறங்கியது. அதன் பிறகு ஒவ்வொரு பாகத்தையும் தனியாக பேலன்ஸ் செய்வது தொழிற்சாலை வழக்கமாகிவிட்டது.

சிக்கலும் அங்கேதான் இருந்தது. ஷாஃப்டில் கப்ளிங் வழுக்கிச் சுழலாமல் இருக்க, இரண்டுக்கும் நடுவே 'கீ' என்ற இரும்புத் துண்டைச் செருகுவார்கள். அதன் கீழ்ப்பாதி ஷாஃப்டின் பள்ளத்திலும், மேல்பாதி கப்ளிங்கின் பள்ளத்திலும் உட்காரும். அப்படியானால் கீயின் எடை யார் கணக்கில் சேரும்?

ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் முழுக் கீயையும் ஷாஃப்டில் வைத்தே பேலன்ஸ் செய்தார்கள். கப்ளிங்குக்குக் கீ கிடையாது. வட அமெரிக்காவில் ஆளுக்குப் பாதி. இரண்டு முறைகளும் தம்மளவில் சரியே. கலந்தால்தான் வம்பு. முழுக் கீயுடன் பேலன்ஸ் செய்த மோட்டாரில், பாதிக் கீயுடன் பேலன்ஸ் செய்த கப்ளிங்கை மாட்டினால், கீயின் மேல்பாதி இரண்டு முறை கணக்கில் ஏறிவிடும். ஒரே செலவை இரண்டு பேரேடுகளில் எழுதியது போலத்தான்.

இந்தப் பிழை எவ்வளவு பெரியது? மையத்திலிருந்து 3 செ.மீ. தள்ளி 50 கிராம் எடை கூடுதலாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில், அது சுமார் 15 கிலோ எடைக்கு நிகரான விசையாக மாறும். அந்த விசை நொடிக்கு 50 முறை சுற்றி வந்து பேரிங்கை இழுக்கும்.

கடைசியில் 1989-ல் ஐ.எஸ்.ஓ. 8821 என்ற தரநிலை வந்தது. பாதிக் கீ முறையே பொது முறை என்று அது வகுத்தது. எந்த முறையில் பேலன்ஸ் செய்யப்பட்டது என்று தெரிய, பாதிக் கீக்கு 'எச்', முழுக் கீக்கு 'எஃப்', கீ இல்லாததற்கு 'என்' என்ற எழுத்துகளைப் பொறிக்கச் சொன்னது. 2012-ல் ஐ.எஸ்.ஓ. 21940-32 அதன் இடத்துக்கு வந்தது.

இருந்தாலும் பழைய மோட்டாருக்குப் புதிய கப்ளிங் மாட்டுகிறவர், இன்றும் ஷாஃப்டின் முனையில் அந்த எழுத்தைத் தேடிப் பார்க்கத்தான் வேண்டும். இரண்டு பேர் தனித்தனியே போட்ட கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது. இருவரும் ஒரே முறையில் போட்டிருக்க வேண்டும்.