தப்பும் தொலைபேசியும்: மாத்தளைத் தோட்டங்களில் செய்தியும் இசையும்

இலங்கை மலையகத்தின் மாத்தளைத் தோட்டங்களில் செய்தியும் இசையும் ஒரே தோலிலிருந்து பிறந்தவை. விடியற்கருக்கலில் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு ஆள் கூட்டியது தப்பு என்னும் பறை. லயத்தில் ஒரு சாவு விழுந்தால் மலை முழுவதற்கும் அறிவித்தது தப்பு. மாசியில் காமன் கூத்தை ஆட்டுவித்ததும் அதுவே. அடி மாறினால் சேதி மாறும். எழுத்தறியாத கிழவியும் அடியைக் கேட்டே இழவா திருவிழாவா என்று சொல்லிவிடுவாள்.

எண்ணிம யுகத்தைப் பற்றிய பேச்சு வழக்கமாக நாளிதழின் தளர்ச்சியில் தொடங்கும். மலையகத்தில் அப்படித் தொடங்க இயலாது. 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் பிறந்தன. 1925இல் கொழும்பில் அரும்பிய வானொலி, 1949இல் ரேடியோ சிலோன் ஆகித் தமிழ்நாட்டையே கேட்க வைத்தது. இவற்றின் தொண்டு பெரிது. ஆயினும் எது செய்தி, எது பாட்டு என்பதைக் கொழும்பே தீர்மானித்தது. இதற்கு மாறாக நின்றவர்கள் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சியம்மாளும். 1920களில் ‘தேசபக்தன்’ இதழை நடத்திய அவர்கள், தொழிலாளரின் துயரைப் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடினார்கள். சிறு நூல்களாகவும் அச்சிட்டார்கள். வாசிக்கத் தெரியாதவருக்கும் செய்தி போய்ச் சேர வேண்டும் என்ற அக்கறை அது.

கைத்தொலைபேசி வந்தபின் தீர்மானிக்கும் உரிமை இடம் மாறியது. மலையகத் தமிழரின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் நிறைவெய்தியது. கோப்பித் தோட்டங்களுக்கு வந்த முன்னோர் காடு வழியே நடந்த தடம் அது. அன்று நோயிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர்கூட எங்கும் பதிவாகவில்லை. 2023இல் நடந்தவர்களால் தம் முகத்தையும் பேச்சையும் தாமே உலகுக்கு அனுப்ப முடிந்தது. இதைச் சிறிய மாற்றமென்று நான் எண்ணவில்லை.

அதே கருவி வதந்தியையும் சுமக்கும். 2018 மார்ச்சில் அயல் மாவட்டமான கண்டியில், முஸ்லிம்களுக்கு எதிரான திகன வன்முறையின்போது வெறுப்புப் பதிவுகள் முகநூலில் பரவின; அரசு சமூக ஊடகங்களைத் தற்காலிகமாக முடக்கியது. தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு முகநூல் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. அவ்வன்முறையில் இறந்தவர்களுக்கு அந்த மன்னிப்பு எட்டாது.

இசையின் கதை இன்னும் சிக்கலானது. 2021 மார்ச்சில் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ பாடலுக்கு, அதைப் பாடிய அறிவு என்னும் கலைஞரின் பாட்டி வள்ளியம்மாள் ஊற்றுக்கண். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர் அவர். கோடிக்கணக்கானோர் யூடியூபில் கேட்டார்கள். ஆயினும் அப்பாடலால் தமக்கு வருவாயே வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024இல் வெளிப்படையாகச் சொன்னார். புகழ்பெற்றவருக்கே இந்த நிலை என்றால், இரத்தோட்டையிலோ உக்குவளையிலோ தப்படிக்கும் கலைஞருக்கு என்ன கிடைக்கும்? பல நாள் நீளும் காமன் கூத்து மூன்று நிமிடக் காணொளியாகிறது. ஆடியவர் பெயரில்லை, தோட்டத்தின் பெயருமில்லை.

நினைவைப் பொருளில் பதிக்கும் முயற்சி இம்மாவட்டத்துக்குப் புதிதன்று. கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில், அதுவரை நாவில் வாழ்ந்த பௌத்த மறையான திரிபிடகம் அலுவிகாரையில் ஓலைக்கு ஏறியது. 1848 கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அங்கிருந்த சுவடிகள் அழிந்தன. படிகள் வேறிடங்களிலும் இருந்ததால் திரிபிடகம் பிழைத்தது. முகநூலில் மட்டும் கிடக்கும் கூத்துக்கு அப்படி வேறு படி கிடையாது. கணக்கு முடங்கினால் கூத்தும் போகும். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எவரும் படிக்கத் திறந்து வைத்திருக்கிறது. மாத்தளையின் ஒலிகளுக்கும் அத்தகைய கவனம் தேவை. கூத்தைப் படம் பிடிக்கும் இளைஞர்கள் கூத்து மாஸ்டரின் பெயரையும், தோட்டத்தையும் ஆண்டையும், அடிகளின் பெயர்களையும் சேர்த்து எழுதி, ஒரு படியைத் தோட்டப் பாடசாலையிலும் இன்னொன்றை எண்ணிம ஆவணகத்திலும் வைக்கட்டும். முதற்படி அந்த மாஸ்டரின் வீட்டில் இருக்கட்டும்.