பாட்டுக்குப் படம் கேட்ட போட்டிகள்

1967 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' என்ற பிரித்தானிய இசை வார இதழில் ஒரு விளம்பரம் வெளியானது. லிபர்ட்டி ரெக்கோர்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் புதிய கலைஞர்களையும் பாடலாசிரியர்களையும் தேடிக் கொடுத்த விளம்பரம் அது. அதைக் கண்டு ஒருவரையொருவர் அறியாத இருவர் விண்ணப்பித்தனர். ஒருவர் 20 வயதான பியானோக் கலைஞர் ரெஜினோல்ட் டுவைட். மற்றவர் லிங்கன்ஷயர் கிராமப்புறத்தைச் சேர்ந்த, 17 வயதான பேர்ணி டோப்பின். டுவைட் அந்தத் தேர்வில் தேறவில்லை. ஆனால் டோப்பின் அனுப்பியிருந்த பாடல் வரிகள் அடங்கிய கடிதவுறை ஒன்று அவரிடம் கொடுக்கப்பட்டது. அந்த டுவைட் பின்னாளில் எல்டன் ஜோன் என்று உலகம் அறிந்த பாடகரானார். டோப்பின் எழுத, எல்டன் ஜோன் இசையமைத்துப் பாட, அரை நூற்றாண்டைக் கடந்த ஒரு கூட்டு அந்தப் பத்திரிகை விளம்பரத்தில் தொடங்கியது.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளின் பின்னர், அந்தக் கூட்டின் பொன்விழாவையொட்டி, இவர்கள் இருவரும் தம் பங்குக்கு ஓர் அழைப்பை விடுத்தார்கள். தமது பழைய பாடல்கள் மூன்றுக்குப் படம் எடுத்துத் தர முன்வருமாறு உலகெங்கும் உள்ள அறியப்படாத படைப்பாளிகளைக் கேட்ட இணையப் போட்டி அது. அந்தப் போட்டியில் வென்றவர்களுள் ஒருவர் ஈரானிலிருந்து வந்த அகதி. அவருடைய கதைக்கு வருமுன்னர், பாடகர்கள் தமது பாடலுக்குப் படம் கேட்டு முன்பின் அறியாதவர்களின் கதவைத் தட்டும் நிலை எவ்வாறு ஏற்பட்டது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

இசைக் காணொளி என்பது தொடக்கத்தில் ஒரு விளம்பரப் பொருள்தான். இசைத்தட்டை விற்பதற்காக நிறுவனங்கள் தமது செலவில் அதைத் தயாரித்தன. 1981 ஓகஸ்ட் 1 ஆம் திகதி அமெரிக்காவில் எம்.ரி.வி. தொலைக்காட்சி தொடங்கியதும் அது தனியொரு தொழிலாக வளர்ந்தது. 1995 இல் மைக்கல் ஜாக்சனும் அவரது சகோதரி ஜெனட்டும் தோன்றிய 'ஸ்கிரீம்' காணொளிக்கு 70 இலட்சம் டொலர் செலவானதாகக் கின்னஸ் பதிவு கூறுகின்றது. ஐந்து நிமிடங்களுக்கும் குறைவான ஒரு படத்துக்கு அவ்வளவு செலவு! அந்நாளில் இசைக் காணொளி இயக்குவதென்றால் பெரிய நகரமொன்றில் இருக்க வேண்டும். தயாரிப்பு நிறுவனமொன்றின் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். வெளியே நின்ற இளைஞனுக்கு உள்ளே செல்லும் வழி அநேகமாக இருக்கவில்லை.

அந்த மதிலை உடைத்தது இசைத்துறையின் வீழ்ச்சி. 1999 இல் நாப்ஸ்டர் என்ற கோப்புப் பகிர்வுச் சேவை வந்தது. அதே ஆண்டில் அமெரிக்க இசைப்பதிவுத் துறையின் வருமானம் ஏறத்தாழ 1,460 கோடி டொலராக உச்சத்தில் இருந்தது. 2014 ஆம் ஆண்டளவில் அது 670 கோடி டொலராக, அதாவது பாதிக்கும் கீழாகச் சுருங்கிவிட்டது. தட்டு விற்பனை சரிந்தபோது காணொளிக்கான பணமும் வற்றியது.

பணம் வற்றிய அதே காலத்தில் கருவிகளின் விலையும் இறங்கியது. வீட்டுக் கணினியிலேயே படத்தொகுப்புச் செய்ய முடிந்தது. 2005 இல் யூரியூப் பிறந்தது. 2008 செப்டெம்பரில் கனொன் நிறுவனம் அறிவித்த 5டி மார்க் 2 என்ற நிழற்படக் கமெரா, மூவாயிரம் டொலருக்கும் குறைந்த விலையில், திரைப்படத்தின் சாயல் கொண்ட காட்சிகளைப் பதிவுசெய்தது. ஒரு பக்கம் பணமில்லாத பாடகர்கள், மறுபக்கம் கமெராவும் நேரமும் கொண்ட இளைஞர்கள். இவர்கள் இருவரையும் சந்திக்க வைத்த சந்தையே இணையப் போட்டி.

ஆரம்ப முயற்சிகளில் விளையாட்டுத்தனம் மிகுந்திருந்தது. 2006 இன் பிற்பகுதியில் 'டிசம்பரிஸ்ட்ஸ்' என்ற அமெரிக்க இசைக்குழு, பச்சைத் திரையின் முன் தாம் பாடிய காட்சியை இணையத்தில் இட்டு, பின்னணியை இரசிகர்களே நிரப்பிக்கொள்ளலாம் என்றது. அதற்குச் சில மாதங்கள் முன்னர் இதே போன்ற சவாலைத் தன் நிகழ்ச்சியில் விடுத்திருந்த நகைச்சுவையாளர் ஸ்டீபன் கொல்பேர், தன் எண்ணத்தைத் திருடிவிட்டதாகப் பொய்ச்சண்டை பிடித்தார். அந்தச் சண்டை தொலைக்காட்சியில் ஒரு கிற்றார் போட்டியாக முடிந்தது.

போட்டி என்ற வடிவத்தை மதிப்புக்குரியதாக்கிய நிகழ்வு 2008 இல் நடந்தது. ரேடியோஹெட் என்ற ஆங்கிலேய இசைக்குழு 2007 ஒக்டோபரில் 'இன் ரெயின்போஸ்' தொகுப்பை இணையத்தில் வெளியிட்டு, விரும்பிய விலையைக் கொடுத்துப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று அறிவித்து இசை வணிகத்தையே அதிரவைத்திருந்தது. மறு ஆண்டு மார்ச்சில் அத்தொகுப்பின் பாடல்களுக்கு அசைவூட்டப் படம் செய்யும் போட்டியொன்றை, அனிபூம் என்ற இணைய நிறுவனத்துடன் சேர்ந்து அறிவித்தது.

அந்தப் போட்டியின் அமைப்பு கவனத்துக்குரியது. முழுப்படத்தையும் செய்து அனுப்புமாறு முதலில் கேட்கவில்லை. காட்சிகளை வரிசையாக வரைந்த கதைப்பலகையே போதும் என்றார்கள். அரையிறுதிக்குத் தெரிவானோருக்குத் தலா 1,000 டொலர் கொடுத்து ஒரு நிமிடப் படம் செய்யச் சொன்னார்கள். இறுதியில் ஒருவருக்கு 10,000 டொலர் வழங்கி முழுப்படத்தையும் செய்விப்பது திட்டம். ஆனால் குழுவினரால் ஒருவரை மட்டும் தெரிய முடியவில்லை. 'ரெக்கனர்' பாடலுக்குப் படம் செய்த கிளெமொன் பிக்கோன், 'வியேர்ட் ஃபிஷஸ்' பாடலுக்கு டொபயஸ் ஸ்ட்ரெச், 'வீடியோடேப்' பாடலுக்குக் கோட்டா டொட்டோரி, '15 ஸ்டெப்' பாடலுக்கு வொல்ஃப்காங் யைசர், கிளவுஸ் வின்டர் இணையர் ஆகிய நான்கு தரப்பினருக்கும் முழுத்தொகையும் வழங்கப்பட்டது. நான்கும் வெவ்வேறு பாடல்கள், வெவ்வேறு கைவண்ணங்கள்.

இதையடுத்து இத்தகைய போட்டிகள் பெருகின. அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் தொடங்கிய ஜெனரோ என்ற தளம் இதையே தொழிலாகக் கொண்டது. இயக்குநர் பாடலைத் தரவிறக்கி, படத்தை முழுமையாக எடுத்துப் பதிவேற்ற வேண்டியிருந்தது. பாடகர் தரப்பு ஒன்றைத் தெரிவுசெய்தது. 2010 இல் மோபி என்ற அமெரிக்க இசையமைப்பாளர் தமது 'வெயிட் ஃபோர் மீ' பாடலுக்கு நடத்திய போட்டியில் இஸ்ரேலைச் சேர்ந்த நிம்ரொட் ஷபிரா வென்றார். அதிகாரபூர்வக் காணொளி ஒன்று, இசைஞரை முன்பின் அறியாத இயக்குநரால், வேறொரு நாட்டில் உருவாகி வருவது வழக்கமாகிவிட்டது.

இங்கேதான் இந்த வரலாற்றின் மறுபக்கம் தொடங்குகின்றது. எங்கள் பத்திரிகை உலகுக்குப் போட்டிகள் புதியவை அல்ல. சிறுகதைப் போட்டி நடத்தாத தமிழ்ப் பத்திரிகை அரிது. ஆனால் சிறுகதைக்குத் தாளும் பேனாவும் சில இரவுகளின் உறக்கமும் செலவு. படத்துக்கு நடிகர், கமெரா, ஒளி, போக்குவரத்து, சாப்பாடு எல்லாமே செலவு. பரிசு பெறாத சிறுகதையை எழுதியவர் இன்னொரு பத்திரிகைக்கு அனுப்பலாம். பரிசு பெறாத இசைக் காணொளியை என்ன செய்வது?

ஒரு பாடலில் இருவகை உரிமைகள் உண்டு. சொல்லுக்கும் மெட்டுக்குமான உரிமை ஒன்று. பதிவுசெய்யப்பட்ட ஒலிக்கான உரிமை மற்றது. படத்தோடு அந்தப் பாடலைச் சேர்த்து வெளியிட இரண்டு உரிமையாளரின் அனுமதியும் தேவை. போட்டிக் காலத்தில் அந்த அனுமதி போட்டியின் தேவைக்காக மட்டுமே கிடைக்கின்றது. போட்டி முடிந்ததும் தோற்ற படம் அநாதையாகிவிடும். பாடலை நீக்கினால் படத்துக்கு உயிரில்லை. பாடலோடு விற்கவோ வெளியிடவோ உரிமையில்லை. இதற்கு மாறான வழியும் காட்டப்பட்டது. 'நைன் இஞ்ச் நெயில்ஸ்' குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர் 2008 இல் 'கோஸ்ட்ஸ்' தொகுப்பை, வணிக நோக்கமின்றி எவரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தின் கீழ் வெளியிட்டு, படங்கள் செய்யுமாறு யூரியூப் வழியாக அழைத்தார். அங்கே படம் செய்தவர் எவரும் நாளை உரிமைச் சிக்கலுக்கு அஞ்ச வேண்டியிருக்கவில்லை. அவர் வழியைப் பின்பற்றியோர் சிலரே.

தமிழகத்தில் கலைஞர் தொலைக்காட்சி 2009 இல் தொடங்கிய 'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டியை இவ்விடத்தில் ஒப்புநோக்கலாம். கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் ஆகியோர் அதன் வழியே வெளிச்சத்துக்கு வந்தவர்கள். பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி' குறும்படம் 2012 இல் முழுநீளத் திரைப்படமாகவும் வளர்ந்தது. குறும்படக்காரனிடம் அவனுடைய கதை எஞ்சியிருந்தது. அதைக் கொண்டு அடுத்த படியில் ஏறினான். இசைக் காணொளிக்காரனின் படமோ பிறருடைய பாடலின் மேல் கட்டிய வீடு. நிலம் அவனுடையதன்று.

ஆகவே போட்டி நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு அதன் விதிகளிலேயே பதில் இருக்கின்றது. எண்ணத்தை மட்டும் கேட்டு, தெரிவானவருக்குப் பணம் கொடுத்துப் படம் செய்விக்கும் போட்டியில் தோற்றவர் இழப்பது சில நாள் உழைப்பை. முழுப்படத்தையும் முன்கூட்டியே கேட்கும் போட்டியில், நூறு பேர் பங்குபற்றினால் தொண்ணூற்றொன்பது பேரின் சேமிப்பு கரைகின்றது. பாடகர் தரப்புக்கோ நூறு படங்களின் விளம்பரம் கிடைக்கின்றது. தெரிவாகும் வாய்ப்புக்காக ஊதியமின்றி வேலை செய்விப்பதை வடிவமைப்பாளர்கள் நீண்டகாலமாகவே எதிர்த்து வந்திருக்கிறார்கள். அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு.

அப்படியாயின் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடலாமா? இந்தக் கேள்வியோடுதான் அந்த ஈரானியரிடம் வர வேண்டும்.

எல்டன் ஜோன், டோப்பின் இணையரின் போட்டிக்கு 'த கட்' என்று பெயர். யூரியூப்பின் ஆதரவுடன் நடந்தது. 'டைனி டான்சர்' (1971), 'ரொக்கெட் மான்' (1972), 'பெனி அண்ட் த ஜெட்ஸ்' (1973) ஆகிய மூன்றும் எம்.ரி.வி. பிறப்பதற்கு முன்னரான பாடல்கள். அதிகாரபூர்வக் காணொளி இல்லாமலே உலகெங்கும் ஒலித்தவை. முறையே நடிகர் தோன்றும் படம், அசைவூட்டம், நடனம் என்று வகைக்கொன்றாக அவற்றுக்குப் படம் கேட்கப்பட்டது. 2017 மே மாதம் கான் திரைப்பட விழாவின்போது வெற்றிப் படங்கள் வெளியிடப்பட்டன. மக்ஸ் வைலன்ட் முதலாவதையும், ஜக் வைட்லி, லோரா பிரவுன்ஹில் இணையர் மூன்றாவதையும் செய்திருந்தனர். 'ரொக்கெட் மான்' பாடலுக்குப் படம் செய்தவர் மஜீத் அதீன்.

மஜீத் அதீன் ஈரானை விட்டு வெளியேறி, ஐரோப்பாவைக் கடந்து, பிரான்ஸின் கலே துறைமுகத்தருகே 'காடு' என்று அழைக்கப்பட்ட அகதிமுகாமில் தங்கி, பின்னர் இங்கிலாந்தை அடைந்தவர். அந்த முகாமைப் பிரெஞ்சு அரசு 2016 ஒக்டோபரில் இடித்து அகற்றியது. 'ரொக்கெட் மான்' பாடலுக்குத் தூண்டுதலாக அமைந்தது ரே பிராட்பரியின் விண்வெளிச் சிறுகதை. குடும்பத்தைப் பூமியில் விட்டுவிட்டு, தொழில் நிமித்தம் வெறுமைக்குள் செல்லும் மனிதனின் தனிமையே பாடலின் பொருள். அந்த விண்வெளி வீரனை அதீன் அகதியாகக் கண்டார். பிரிவும் கடலும் பாரவூர்தியும், இறுதியில் அந்நிய நகரத்துத் தனிமையும் அவரது படத்தில் வருகின்றன. ஸ்டீபன் மக்னலி என்ற அசைவூட்டக் கலைஞர் அவருக்குத் துணைநின்றார்.

பாரவூர்தியின் இருட்டில் எல்லை கடப்பது என்றால் என்ன என்பதை எங்கள் சமூகத்துக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அவ்வாறு ஐரோப்பாவுக்குள் வந்தவர்களின் பிள்ளைகள் இன்று பரிஸிலும் லண்டனிலும் கமெராவோடு நிற்கிறார்கள். எங்கள் அகதிக் குடும்பமொன்றின் மகளான மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில், 2015 இல் 'போர்டர்ஸ்' பாடலுக்குத் தாமே படம் இயக்கி அகதிகளின் பயணத்தைக் காட்டினார். ஆனால் அப்போது அவர் பெயர்பெற்ற பாடகி, பாடலும் அவருடையது. அதீனிடம் பாடலும் இல்லை, பெயரும் இல்லை. நாற்பத்தைந்து ஆண்டுகளாக மக்கள் கேட்டுப் பழகிய ஒரு பாடலுக்குள் தன் வாழ்க்கையை வைக்க ஓர் அழைப்பு மட்டுமே அவருக்குக் கிடைத்தது. அந்தக் காணொளியைப் பத்துக் கோடிக்கும் அதிகமான தடவைகள் மக்கள் பார்த்துவிட்டார்கள்.

1967 விளம்பரத்துக்கு விண்ணப்பித்த எல்டன் ஜோனுக்கும் டோப்பினுக்கும் அதனால் ஒரு தபால் முத்திரையும் ஒரு மணிநேரமும்தான் செலவாகியிருக்கும். தோற்றிருந்தாலும் அவர்களின் மெட்டும் வரிகளும் அவர்களுடையனவாகவே இருந்திருக்கும். அழைப்பு எவ்வளவு பரந்தது என்பதோடு, தோற்றவன் என்ன இழந்து வீடு திரும்புகிறான் என்பதையும் வைத்தே ஒரு போட்டியை அளக்க வேண்டும். படம் அனுப்ப எண்ணும் எங்கள் பிள்ளைகள், பரிசுத்தொகையைப் பார்க்குமுன் விதிகளின் கடைசிப் பக்கத்தை வாசிக்கட்டும். தோற்ற படம் யாருக்குச் சொந்தம் என்பது அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.