பழைய நிரலும் புதிய பொறியும்



புதுமனை புகுவோர் பழைய கட்டிலையும் உடன் கொண்டு செல்வது உலக வழக்கம். கட்டில் வாயிலில் நுழையாவிடின் கட்டிலைக் கழற்றுவரேயன்றி, வாயிலை இடிக்கத் துணியார். ஆயின், கணினி வரலாற்றில் கட்டிலுக்காக வாயிலையே அகலப்படுத்திய நிகழ்ச்சிகள் உண்டு. அவற்றுள் சிலவற்றை இன்று காண்போம்.

1959ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் 1401 என்னும் கணினியை வெளியிட்டது. சம்பளப் பட்டி, சரக்கிருப்பு முதலிய கணக்குகளுக்காக வணிக நிலையங்கள் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட 1401 பொறிகளை அமர்த்திக்கொண்டன. 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், அந்நிறுவனமே சிஸ்டம் 360 என்னும் புதிய கணினிக் குடும்பத்தை அறிவித்தது. புதிய பொறியின் கட்டளை மொழி வேறு. பழைய நிரல்கள் அதற்கு விளங்கா. இதற்குச் சற்று முன்னரே, 1963இன் இறுதியில், ஹனிவெல் என்னும் போட்டி நிறுவனம் 1401இன் நிரல்களைத் தன் பொறிக்கு மாற்றித் தருவதாக முன்வந்திருந்தது. வாடிக்கையாளர் கைநழுவிப் போவரோ என்னும் அச்சம் எழுந்தது.

பொறியாளர் கண்ட வழி யாது? சிஸ்டம் 360இன் சிறிய பொறிகளுள், கட்டளைகளைப் பகுத்துணரும் நுண்ணிரல் ஒன்று இருந்தது. 1401இன் கட்டளைகளையும் உணருமாறு அதனை விரித்தனர். புதிய பொறி, வேண்டும்போது பழைய பொறியாக நடித்தது! இம்முறைக்கே எமுலேட்டர் என்னும் பெயர் வழங்கலாயிற்று. பொறி தேய்ந்தால் வேறொன்று வாங்கலாம். நிரலில் உறைந்துள்ள பல்லாண்டு மனித உழைப்பை எந்தக் கடையில் வாங்குவது?

1995ஆம் ஆண்டு விண்டோஸ் 95 வெளிவந்தபோதும் இவ்வினாவே எழுந்தது. சிம்சிட்டி என்னும் விளையாட்டு நிரலில் ஒரு பிழை இருந்தது; தான் விடுவித்துவிட்ட நினைவகப் பகுதியை அது மீண்டும் படித்தது. பழைய முறைமையில் அதனால் தீங்கு விளையவில்லை. புதியதிலோ நிரல் நின்றுபோயிற்று. சிம்சிட்டி ஓடுங்கால் மட்டும் நினைவகத்தை உடனே விடுவிக்காதவாறு மைக்ரோசாப்ட் பொறியாளர் விண்டோஸையே திருத்தியமைத்தனர் என்று ஜோயல் ஸ்போல்ஸ்கி எழுதியுள்ளார். பிறர் பிழையைத் தம் தோளில் சுமந்த பெருந்தன்மை அது. வணிகக் கணக்கும் அதுவே.

எனினும், இச்சுமைக்கும் எல்லையுண்டு. 64 பிட் விண்டோஸ் பழைய 16 பிட் நிரல்களை ஏற்பதில்லை. 2021இல் வந்த விண்டோஸ் 11, 64 பிட் வடிவில் மட்டுமே கிடைக்கிறது.

நான் பணியாற்றிய பள்ளியொன்றில் மதிப்பெண் பதிவேடு பழைய டாஸ் நிரலொன்றில் இருந்தது. புதுக்கணினி வந்ததும் அது திறக்க மறுத்தது. முன்னாள் மாணவர் ஒருவர் சான்று வேண்டி வாயிலில் நின்றார். பதிவு வட்டில் இருந்தும் படிக்க இயலாது நான் தலைகுனிந்தேன். பின்னர், 2002 முதல் ஆர்வலர் வளர்த்துவரும் டாஸ்பாக்ஸ் என்னும் எமுலேட்டரை இளம் ஆசிரியர் ஒருவர் நிறுவினார். பதிவேடு திறந்தது, அம்மாணவர் சான்று பெற்றார். அன்றே பதிவுகள் அனைத்தையும் எந்நிரலும் படிக்கவல்ல வெற்று எழுத்துக் கோப்பாக மாற்றி வைத்தோம்.

நாளை நிரல் எழுதப்போகும் நீங்கள் இதனை நினைவிற் கொள்க. உம் நிரல் ஒருநாள் பழையதாகும். அதிலுள்ள பிறர் வாழ்வின் பதிவுகள் அன்றும் தேவைப்படும். அவை வெளியேற ஒரு வாயில் வைத்துக் கட்டுங்கள்.