வண்ணக் குண்டும் காணா ஒளியும்

அமெரிக்காவில் ஜூன் பிறந்து பள்ளிகள் மூடியதும் பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு கோடை முகாம்களுக்குப் புறப்படுகிறார்கள். ஏரிக்கரையிலும் காட்டோரத்திலும் மரக்குடில்களில் ஒரு வாரம், இரண்டு வாரம், சில இடங்களில் ஏழெட்டு வாரம்கூடத் தங்குகிறார்கள். எட்டு வயதுக் குழந்தைக்குத் துடுப்புப் படகும் நீச்சலும் கைவேலையும் போதும். பதின்மூன்றைத் தாண்டியவர்களுக்கு அது போதாது. அவர்களுக்கு ஓட வேண்டும், ஒளிய வேண்டும், நெஞ்சு படபடக்க வேண்டும். பெரியவர்கள் நம்பி ஒப்படைத்த காரியம் என்று ஒன்று கையில் இருக்க வேண்டும். அந்த வயதுக்கென்று முகாம்கள் கொண்டுவந்த விளையாட்டுகளில் இரண்டை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: ஒன்று பெயின்ட்பால், மற்றொன்று திறந்தவெளி லேசர் டாக்.

தூர நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றே. இரண்டு அணிகள், மரங்கள், மறைவிடங்கள், கையில் துப்பாக்கி வடிவில் ஒரு கருவி, எதிரணியின் எல்லையில் ஒரு கொடி. ஆட்ட வகைகளும் ஒன்றே. நம் புறத்திணை தெரிந்தவர்களுக்கு அவை புதியனவாகத் தோன்றா. கொடியைக் கவர்வதும் மீட்பதும் வெட்சியும் கரந்தையும். கோட்டையை வளைப்பதும் காப்பதும் உழிஞையும் நொச்சியும். ஆனால் ஆட்டத்துக்குள் இறங்கிப் பார்த்தால் ஒரு கேள்வியில் இரண்டும் பிரிகின்றன: அடிபட்ட பிள்ளைக்கு அடுத்து என்ன நேர்கிறது? இவ்விரண்டையும் அந்தக் கேள்வியைக் கொண்டே எடைபோட விரும்புகிறேன்.

பிறந்த கதை

கோடை முகாம் என்ற ஏற்பாடே போர் விளையாட்டில் முளைத்தது. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது, கனெக்டிகட் மாநிலத்தின் வாஷிங்டன் என்ற சிற்றூரில் பள்ளி நடத்திய ஃபிரெடரிக் வில்லியம் கன், தம் மாணவர்கள் படைவீரர்களைப் போல அணிவகுக்கவும் வெட்டவெளியில் படுத்துறங்கவும் ஆசைப்படுவதைக் கண்டார். சுமார் 40 மைல் நடத்திக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, ஏறக்குறைய இரண்டு வாரம் கூடாரத்தில் தங்கவைத்தார். அமெரிக்காவின் முதல் கோடை முகாம் என்று பெரும்பாலும் சொல்லப்படுவது இதுதான். இருபது ஆண்டு கழித்து, 1881இல், எர்னஸ்ட் பால்ச் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஸ்குவாம் ஏரியில் சொகோருவா முகாமைத் தொடங்கினார். அங்கே சிறுவர்களே சமைத்தார்கள், கழுவினார்கள், ஒருவரையொருவர் நம்பி வாழப் பழகினார்கள்.

அதே நியூ ஹாம்ப்ஷயரில், சரியாக நூறாண்டுக்குப் பின், 1981 ஜூன் 27 அன்று ஹெனிகர் என்ற ஊரின் காட்டில் முதல் பெயின்ட்பால் ஆட்டம் நடந்தது. எழுத்தாளர் சார்லஸ் கெய்ன்ஸ், நியூயார்க்கின் பங்கு வணிகர் ஹேய்ஸ் நோயல், இவர்களின் நண்பர் பாப் கர்ன்சி ஆகிய மூவர் அதன் மூலவர்கள். காட்டில் தாக்குப்பிடிக்க வல்லவன் நகரத்தானா நாட்டுப்புறத்தானா என்ற வாக்குவாதமே வித்து. மரங்களுக்கும் மாடுகளுக்கும் அடையாளம் வைக்க நெல்சன் பெயின்ட் நிறுவனம் விற்றுவந்த நெல்ஸ்பாட் 007 என்ற கருவியைக் கையில் எடுத்தார்கள். அதனால்தான் பெயின்ட்பால்காரர்கள் இன்றும் அதைத் துப்பாக்கி என்று சொல்வதைத் தவிர்த்து மார்க்கர், அதாவது அடையாளமிடும் கருவி, என்கிறார்கள். பன்னிரண்டு பேர் ஆடினார்கள். வென்றவர் மரங்களை அறிந்த ஒரு வனத்துறை வல்லுநர். அவர் ஒரு முறைகூடச் சுடாமல், ஒருவர் கண்ணிலும் படாமல் கொடிகளைச் சேகரித்துத் திரும்பினார்.

லேசர் டாக் இரண்டு வேர்களிலிருந்து வந்தது. ஒன்று விண்வெளிக் கனவு. ஜார்ஜ் கார்ட்டர் என்பவர் 1984இல் டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில் ஃபோட்டான் என்ற ஆட்டக்கூடத்தைத் திறந்தார். இருட்டறை, புகை, மின்னும் விளக்கு என்று இன்று நகரங்களில் காணும் உள்ளரங்க லேசர் டாக் அதன் வழித்தோன்றல். மற்றொரு வேர் படைப்பயிற்சி. அமெரிக்க இராணுவம் 1970களின் இறுதியில் மைல்ஸ் என்ற முறையைக் கொண்டுவந்தது. வெற்றுத் தோட்டா வெடிக்கும்போது துப்பாக்கியில் பொருத்திய கருவி கண்ணுக்குத் தெரியாத கதிரை அனுப்பும். எதிரில் நிற்பவரின் உடுப்பில் உள்ள உணரி அதைப் பிடித்து ஒலிக்கும். மரத்தடியில், பட்டப்பகலில், நூறு மீட்டருக்கு அப்பால் ஆடப்படும் திறந்தவெளி லேசர் டாக் குணத்தில் இந்த இரண்டாம் வேரைத்தான் ஒத்திருக்கிறது.

எறிவதும் சொல்வதும்

பெயின்ட்பால் ஒரு பொருளை எறிகிறது. ஜெலட்டின் தோலுக்குள் நீரில் கரையும் சாயம் நிறைந்த உருண்டை. வழக்கமான குறுக்களவு 0.68 அங்குலம், எடை ஏறக்குறைய 3 கிராம். அழுத்தப்பட்ட காற்று அதைத் தள்ளுகிறது. ஆடுகளங்களில் விநாடிக்கு 300 அடி என்பது பொதுவான வேக உச்சம், பல இடங்களில் 280. முன்னது மணிக்குச் சுமார் 330 கிலோமீட்டர். ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு மார்க்கரின் வேகத்தையும் அளந்து பார்ப்பது நல்ல ஆடுகளத்துக்கு அடையாளம்.

லேசர் டாக் எதையும் எறிவதில்லை, ஒரு செய்தியைச் சொல்கிறது. பெயரில் லேசர் இருந்தாலும் பெரும்பாலான கருவிகளில் வேலை செய்வது அகச்சிவப்பு எல்ஈடி. வீட்டு டிவி ரிமோட்டில் இருப்பதன் வலுவான உறவு. விசையை அழுத்தினால் குழலுக்குள் இருக்கும் லென்ஸ் அந்த ஒளியை ஒடுக்கிக் குறுகிய கற்றையாக அனுப்புகிறது. யார் சுட்டது, எந்த அணி, எவ்வளவு சேதம் என்ற விவரம் துடிப்புகளாக அதில் பயணிக்கிறது. எதிராளியின் தலைப்பட்டையிலுள்ள உணரி அதைப் படித்து உயிர்க்கணக்கைக் குறைக்கிறது. சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு நிறைந்திருப்பதால் வெட்டவெளி இதற்குச் சோதனைக்களம். ஒளியை விநாடிக்குப் பல்லாயிரம் முறை துடிக்கவிட்டு, அந்தத் துடிப்புக்கு மட்டும் காது கொடுக்கும்படி உணரியை அமைத்துத்தான் வெயிலைச் சமாளிக்கிறார்கள். அப்படியும் உச்சிவெயில் நேராக உணரியில் விழுந்தால் எட்டும் தூரம் குறையும். மாலை மங்கலில் இந்த ஆட்டம் சிறக்க இதுவே காரணம்.

வலி, அச்சம், திரும்பி வருதல்

அடிபட்டவனுக்கு என்ன நேர்கிறது என்ற கேள்விக்கு இப்போது வருவோம். பெயின்ட்பாலில் அவனுக்கு வலிக்கும். அருகிலிருந்து வெற்றுத்தோலில் பட்டால் கன்றிப்போகும், சில நாள் தழும்பு நிற்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ஆகவே முகத்தையும் கண்ணையும் காதையும் மூடும் மாஸ்க் இல்லாமல் களத்தில் காலெடுத்து வைக்கக் கூடாது. மாஸ்க் கண்ணாடியில் ஆவி படிந்து எதுவும் தெரியவில்லை என்று பிள்ளை அதை ஒரு நொடி தூக்குகிறானே, அந்த நொடிதான் ஆபத்து. ஜூலை வெயிலில், முழுக்கைச் சட்டைக்குள் வியர்த்து ஊறிய பதினான்கு வயதுப் பையனிடம் அதைத் தூக்காதே என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். லேசர் டாக்கில் இந்தக் கவலை இல்லை. அங்கே அடிபடுவது வேரில் தடுக்கி விழுந்தோ, மரத்தில் மோதியோ, கணுக்கால் பிசகியோதான். காட்டு உண்ணியும் அரிப்புக் கொடியும் இரு ஆட்டத்துக்கும் பொது.

வலிக்கு ஒரு பயன் உண்டு என்பதை மறுக்க முடியாது. வலிக்கும் என்று தெரிந்த பிள்ளை தலையை நீட்டுமுன் யோசிக்கிறான், தோழன் காவல் இருக்கும்போது மட்டும் நகர்கிறான். வலியில்லாத லேசர் டாக்கில் முதல் பத்து நிமிடம் எல்லோரும் வெட்டவெளியில் நின்று சகட்டுமேனிக்குச் சுடுவார்கள். மறைவின் அருமையை அவர்களுக்கு உணர்த்த, உயிர்க்கணக்கைக் குறைத்தும் தோட்டாக் கணக்கை வரையறுத்தும் ஆட்டத்தை இறுக்க வேண்டியிருக்கும். இதில் பெயின்ட்பாலின் கை ஓங்கியிருக்கிறது.

ஆனால் அந்த வலி ஆட்களை வடிகட்டவும் செய்கிறது. ஆட்டம் தொடங்குமுன்னே அஞ்சிய பிள்ளை ஒதுங்கிவிடுகிறது. வயிற்று வலி என்கிறது, நான் நீந்தப் போகிறேன் என்கிறது. துணிந்து வந்தவர்களிலும் ஓடத் தெரியாதவர், உடல் பருத்தவர், முதல்முறை ஆடுபவர் ஆகியோரே முதல் இரண்டு நிமிடத்தில் அடிபடுகிறார்கள். முகாம்களில் வழக்கமான வெளியேற்ற ஆட்டத்தில் அடிபட்டவர் களத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். யாருக்கு விளையாட்டு அதிகம் தேவையோ அவரே அதிக நேரம் வேடிக்கை பார்க்கிறார்.

திறந்தவெளி லேசர் டாக்கின் பெருமை இங்கேதான் தெரிகிறது. அடிபட்டவர் தம் பாசறைக்கு ஓடிப்போய் மீண்டும் உயிர் பெற்று வரலாம். அல்லது அணியின் மருத்துவர் வரும்வரை மரத்தடியில் காத்திருக்கலாம். மருத்துவராக இருப்பவருக்குக் குறி பார்த்துச் சுடத் தெரிய வேண்டியதில்லை. எங்கே யார் விழுந்தார் என்று கவனிக்கவும், அவரிடம் துணிந்து ஓடவும் தெரிந்தால் போதும். நேற்றுவரை குடிலின் மூலையில் புத்தகத்தோடு இருந்த சிறுமியின் பெயரைச் சொல்லி ஓர் அணியே காட்டுக்குள் கூவி அழைக்கும். அந்தக் கூவல் அவளுக்கு ஒரு கோப்பையைவிடப் பெரிய பரிசு. பெயின்ட்பாலிலும் திரும்பி வரும் விதியை வைக்கலாம், வைக்கிறார்கள். ஆனால் திரும்பி வருவது மறுபடி அடி வாங்கத்தான் என்ற நினைப்பு காலைப் பின்னுக்கு இழுக்கும்.

யார் நடுவர்?

நேர்மையைப் பொறுத்தவரை இரண்டும் நேரெதிர். பெயின்ட்பாலில் சாயம் சாட்சி. சட்டையில் கறை இருந்தால் கையை உயர்த்தி வெளியே போக வேண்டும். ஆனால் முதுகில் பட்டது தனக்கு மட்டுமே தெரியும்போது, உள்ளங்கையால் துடைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடரும் ஆசை வரும். துடைக்காமல் கையைத் தூக்கும் பிள்ளை அன்று ஒன்றைக் கற்றுக்கொள்கிறான். லேசர் டாக்கில் கருவியே கணக்கு வைக்கிறது. பட்டது, படவில்லை என்ற சண்டை குறைகிறது. உணரியைத் தொப்பியால் மறைக்கும் குறும்பைக் கவனித்துக்கொண்டால் போதும். சண்டை குறைவது நல்லதுதான், ஆனால் மனச்சாட்சிக்கும் வேலை குறைகிறது. அந்த இழப்பை முகாம் வேறு இடத்தில் ஈடுசெய்ய வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஆட்டம் முடிந்ததும் கருவி ஒவ்வொருவரின் பெயருக்கு நேரே எத்தனை முறை சுட்டார், எத்தனை முறை விழுந்தார் என்று பட்டியல் தருகிறது. அந்தப் பட்டியலை அப்படியே சுவரில் ஒட்டினால், வலியில்லாத ஆட்டத்திலும் கடைசிப் பெயருக்குரிய பிள்ளைக்கு வலிக்கும். அணியின் மொத்தக் கணக்கை மட்டும் சொல்லும் வழிகாட்டியே நல்ல வழிகாட்டி.

துப்பாக்கி என்ற சிக்கல்

இரண்டிலும் ஒரு மனிதனைக் குறிவைத்து விசையை அழுத்துகிறோம். அமெரிக்கச் சாரணர் இயக்கம் தன் பாதுகாப்பு விதிகளில் பெயின்ட்பாலையும் லேசர் டாக்கையும் ஒரே வரியில் தடுக்கிறது. ஒருவரையொருவர் சுடும் ஆட்டம் வேண்டாம் என்பதே அதன் நிலை. துப்பாக்கியால் பள்ளிகளிலேயே பிள்ளைகளைப் பறிகொடுத்த நாட்டில் இந்தத் தயக்கத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1987இல் கலிஃபோர்னியாவின் ராஞ்சோ குகமோங்காவில், இரவில் ஒரு பள்ளி வளாகத்தில் லேசர் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடிய 19 வயது இளைஞர், அதை உண்மைத் துப்பாக்கி என்று எண்ணிய காவல் அதிகாரியால் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு, 1988இல், பொம்மைத் துப்பாக்கிகளின் முனையில் ஆரஞ்சு நிற அடையாளம் வேண்டும் என்று கூட்டரசு சட்டம் செய்தது. காற்றழுத்தத்தில் இயங்கும் பெயின்ட்பால் கருவிகளுக்கு அதில் விலக்கு உண்டு.

இந்தச் சிக்கலில் லேசர் டாக்குக்கு ஒரு வசதி இருக்கிறது. குண்டு வெளியேற வேண்டிய கட்டாயம் இல்லாததால் கருவி எந்த வடிவிலும் இருக்கலாம். பச்சை, மஞ்சள் நிறத்தில், துப்பாக்கிச் சாயல் இல்லாமல் செய்யலாம். இராணுவத் துப்பாக்கியை அச்சாக வார்த்த கருவிகளும் சந்தையில் இருக்கின்றன. முகாம்கள் அவற்றை வாங்காமலிருப்பதே நல்லது.

செலவு, இடம்

செலவுக் கணக்கு எளியது. லேசர் டாக்குக்கு முதலீடு பெரிது, பிறகு மின்னேற்றினால் போதும். பெயின்ட்பாலில் ஒவ்வொரு ஆட்டத்திலும் குண்டு தீர்கிறது. அதிகக் குண்டு வாங்கக்கூடிய பிள்ளை அதிகம் சுடும் நிலை வந்தால் முகாமின் சமத்துவம் குலையும். பெயின்ட்பாலுக்கு வலையிட்ட தனிக்களம் வேண்டும். லேசர் டாக்குக்குக் குடில்களுக்கு இடையிலுள்ள தோப்பே களமாகும்.

தீர்ப்பு

பெயின்ட்பால் தாழ்ந்த விளையாட்டு அல்ல. பதினாறு, பதினேழு வயதில், தானே விரும்பி, வலி தெரிந்து இறங்குபவருக்கு அது துணிவையும் நேர்மையையும் கற்றுத்தரும். தனிக்களத்தில், தேர்ந்த நடுவர்களோடு அது நடக்கட்டும். ஆனால் கோடை முகாம் என்பது தேர்ந்தெடுத்த வீரர்களின் கூட்டம் அல்ல. பல ஊரிலிருந்து, பல உடல்வாகோடு, பல அச்சங்களோடு வந்த பிள்ளைகளை ஒரே குடிலில் வைத்து ஒருவரோடொருவர் சேர்ப்பதுதான் அதன் வேலை. அந்த வேலைக்குத் திறந்தவெளி லேசர் டாக்கே தகுந்தது. விழுந்தவரைத் திரும்பக் கூப்பிட அதில் இடம் இருக்கிறது.

பிள்ளையை முகாமுக்கு அனுப்பும் பெற்றோரே, மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். கருவி பொம்மையைப் போல் இருக்கிறதா, துப்பாக்கியைப் போல் இருக்கிறதா? அடிபட்ட பிள்ளை எவ்வளவு நேரம் வெளியே உட்காரும்? ஆட்டம் முடிந்தபின் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து யாராவது பேசுகிறார்களா? மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று சொல்லும் முகாமில் உங்கள் பிள்ளை பத்திரமாக இருப்பான்.