ஓதக் கணக்கும் எண்ணெய்க் கணக்கும்: கனடாவின் மேற்குக் கரைத் தீவுகளில் விசைப்படகுப் பயணம்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணக் கரையை ஒட்டி, ஆயிரக்கணக்கான தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே வளைந்து வளைந்து வடக்கே அலாஸ்கா வரை செல்லும் நீர்வழி இன்சைடு பாசேஜ் எனப்படுகிறது. பசிபிக் பெருங்கடலின் பேரலைகளைத் தெற்குப் பகுதியில் வான்கூவர் தீவும், அதற்கு வடக்கே சிறு தீவுக் கூட்டங்களும் தடுத்து நிற்பதால், ஒரு குடும்பம் தன் சொந்த விசைப்படகில் கோடைக்காலம் முழுவதையும் இங்கே கழிப்பது நூறாண்டுக்கு மேலான வழக்கமாக இருந்து வருகிறது. அத்தகைய நீண்ட பயணத்துக்குத் திட்டமிட்டவர்கள் நெடுங்காலம் இரண்டு கேள்விகளுக்கே விடை தேடினர்: நீர் எப்பொழுது ஓய்ந்து நிற்கும், எரிபொருள் எங்கே கிடைக்கும். அந்தக் கரைகள் யாருடையவை என்ற மூன்றாவது கேள்வி முதலில் கேட்கப்பட்டிருக்க வேண்டியது. ஆயினும் அது மிகப் பிந்தியே கேட்கப்பட்டது.

முதல் கேள்வியின் வேர் ஓதத்தில் இருக்கிறது. கடல்நீர் நாள்தோறும் ஏறி வற்றும் இயக்கமாகிய ஓதம், வான்கூவர் தீவின் தெற்கு முனை வழியாகவும் வடக்கு முனை வழியாகவும் ஒரே வேளையில் உட்புகுந்து, தீவின் நடுப்பகுதிக்கு எதிரேயுள்ள கார்ட்டெஸ், குவாட்ரா முதலிய தீவுகளின் அருகே சந்திக்கிறது. அச்சந்திப்புக்கு வடக்கே நீர்வழி குறுகிவிடுவதால், சீமோர் நேரோஸ் என்னும் இடுக்கில் நீரோட்டம் 15 நாட் வேகம் வரை (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல், அதாவது 1.852 கிலோமீட்டர்) பாய்கிறது. நீரைப் பிளந்து மெல்லச் செல்லும் சிறு விசைப்படகின் வேகம் ஆறு அல்லது ஏழு நாட் மட்டுமே. எதிரோட்டத்தில் அது முழு விசையோடு ஓடினாலும் பின்னோக்கியே அடித்துச் செல்லப்படும், நீர்ச்சுழிகளில் அகப்பட்டால் கவிழவும் கூடும். ஆகவே, ஓட்டம் திசை மாறுவதற்கு முன் சில நிமிடங்களே நீடிக்கும் நீர் ஓய்வு வேளையை ஓத அட்டவணையில் பார்த்து, அதற்கேற்பப் புறப்படும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுவதே இப்பயணத் திட்டத்தின் அடித்தளமாயிற்று.

இந்த அறிவை ஐரோப்பியர் கொண்டுவரவில்லை. பல ஆயிரம் ஆண்டுகளாக இக்கரையில் வாழ்ந்துவரும் ஹைடா, ஹைல்ட்சுக், குவாக்குவாக்காவாக் முதலிய மக்கள், ஒரே செந்தேவதாரு மரத்தைக் குடைந்து, நீர் நிரப்பிப் பழுக்கக் காய்ச்சிய கற்களையிட்டு ஆவியில் மரத்தை இளக்கி, பக்கங்களை விரித்துச் செய்த பெரும் ஓடங்களில், ஓதத்தோடு இசைந்து பயணம் செய்து வந்தனர். 1792இல் பிரிட்டிஷ் கடற்படையின் ஜார்ஜ் வான்கூவர் இங்கு வந்தபோது, அவருடைய உதவியாளரான ஜேம்ஸ் ஜான்ஸ்டன் சிறு படகில் சென்று, ஏற்ற ஓதம் வடமேற்கிலிருந்தும் வருவதைக் கவனித்து, அத்திசையில் பெருங்கடலுக்கு ஒரு வாயில் உண்டென உணர்ந்தார். தாங்கள் சுற்றிக்கொண்டிருப்பது ஒரு தீவு என்பது இவ்வாறு ஓதத்தின் திசையைக் கொண்டே அவர்களுக்குத் தெளிவாயிற்று. அதே கோடையில் ஸ்பானிய மாலுமிகளான கலியானோவும் வால்டெஸும் தங்கள் சிறு கப்பல்களை வேகச் சுழல்களின் ஊடாகக் கொண்டுசென்றனர். பின்னர் 1857 முதல் ஜார்ஜ் ஹென்றி ரிச்சர்ட்ஸ் ஆழமும் பாறையும் அளந்து தொகுத்த விவரங்கள், 1864இல் கடலோடிகளுக்கான வழிகாட்டி நூலாக வெளிவந்தன. விசைப்படகுக்காரர்கள் பின்னாளில் தம்முடன் எடுத்துச்சென்ற வழிகாட்டி நூல்களும் கடல் வரைபடங்களும் இந்த அளவைப் பணியின் வழித்தோன்றல்களே.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெட்ரோலில் இயங்கும் சிறு படகு இயந்திரங்கள் மீனவரிடமும் மரவெட்டிகளிடமும் பரவியதையடுத்து, இரண்டாவது கேள்வி முன்னே வந்தது. வான்கூவர் நகரில் ஈஸ்ட்ஹோப் சகோதரர்கள் செய்த ஒற்றை உருளை இயந்திரங்கள் இக்கரையெங்கும் ஒலித்த காலம் அது. பாய்மரப் படகு காற்றில்லாவிடில் காத்திருக்கலாம். விசைப்படகுக்கோ அடுத்த எண்ணெய்த் துறை எட்டும் தொலைவில் இருந்தாக வேண்டும். அத்துறைகளை உருவாக்கியவர்கள் இன்பப் பயணிகளல்லர். 1889இல் தொடங்கப்பட்ட யூனியன் நீராவிக் கப்பல் நிறுவனம் மரவெட்டு முகாம்களுக்கும் மீன் பதன ஆலைகளுக்கும் அஞ்சலும் அரிசி, மாவு முதலிய சரக்கும் கொண்டுசென்றதால், அக்கப்பல் நின்ற ஒவ்வொரு துறையிலும் ஒரு கடையும் அஞ்சலகமும் எண்ணெய்ப் பீப்பாய்களும் சேர்ந்தன. சில குடியிருப்புகள் மரக்கட்டை மிதவைகளின் மேலேயே கட்டப்பட்டிருந்தன. உழைப்பாளிகளுக்காக எழுந்த இந்தச் சங்கிலியைப் பற்றிக்கொண்டுதான் கோடைக்காலப் படகுக் குடும்பங்கள் வடக்கே நகர்ந்தன.

அவர்களுள் மிக நன்கு அறியப்பட்டவர் மியூரியல் வைலி பிளாஞ்செட். 1920களின் பிற்பகுதியில் கணவரை இழந்த அவர், வான்கூவர் தீவின் சிட்னி நகருக்கு அருகிலிருந்த தம் வீட்டைக் கோடையில் வாடகைக்கு விட்டுவிட்டு, ஐந்து குழந்தைகளோடு காப்ரிஸ் என்னும் 25 அடி நீள விசைப்படகில் மாதக்கணக்கில் தீவுகளிடையே வாழ்ந்தார். இயந்திரத்தைப் பழுதுபார்ப்பதும், நங்கூரமிட ஏற்ற ஆழம் தேடுவதும், நீர் ஓய்வு வேளைக்குக் காத்திருப்பதும் அவருடைய பொறுப்புகளாயின. செங்குத்தான மலைச்சரிவுகள் நீருக்குள்ளும் அப்படியே இறங்குவதால், கரைக்கு மிக அருகிலும் நங்கூரம் தரையை எட்டாத இடங்கள் இங்கே பல; இரவு தங்குமிடம் முன்கூட்டியே தீர்மானிக்கப்படாத பயணம் இக்கரையில் ஆபத்தானது. அவர் எழுதிய ‘தி கர்வ் ஆஃப் டைம்’ 1961இல் வெளியாகி, இன்றளவும் இந்நீர்வழிக்குச் செல்வோர் விரும்பிப் படிக்கும் நூலாக இருக்கிறது.

கடற்பாறைகள் அகற்றப்பட்டதும் இவ்வரலாற்றில் ஒரு திருப்பமே. சீமோர் நேரோஸின் நடுவே நீர்மட்டத்துக்குச் சற்றே கீழ் ஒளிந்திருந்து பல கப்பல்களை உடைத்த ரிப்பிள் ராக் என்னும் இரட்டைச் சிகரப் பாறையை, மோட் தீவிலிருந்து கடலடியில் சுரங்கம் குடைந்து, ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட வெடிமருந்தை நிரப்பி, 1958 ஏப்ரல் 5 அன்று பொறியாளர்கள் தகர்த்தனர். பாறை போயிற்றேயன்றி ஓட்டம் குறையவில்லை. ஓத அட்டவணையை விரிக்காமல் இன்றும் அவ்வழி செல்ல இயலாது.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் யூனியன் கப்பல்களின் பயணிகள் சேவையும் நின்றது. மரவெட்டுத் தொழில் பெருநிறுவனங்களின் கைக்கு மாறி, மீன் பதன ஆலைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டதால், மின்ஸ்ட்ரல் தீவு, நாமு போன்று ஒருகாலத்தில் கடையும் எண்ணெயும் கொண்டிருந்த துறைகள் பாழடைந்தன. சாலைகள் பெருகிய காலத்தில் இக்கடற்கரை மட்டும் முன்னிலும் வெறுமையாயிற்று என்பது கவனிக்கத்தக்கது. இன்று வடக்கே செல்லத் திட்டமிடுபவர், 1930களின் பயணியைவிட நெடுந்தொலைவுக்கு எரிபொருள் சுமக்க வேண்டியுள்ளது. கலத்திலுள்ள எண்ணெயில் மூன்றிலொரு பங்கு போவதற்கு, மூன்றிலொரு பங்கு திரும்புவதற்கு, எஞ்சியது இடர்க்கால இருப்பு என்னும் பழைய படகோட்டிகளின் கணக்கு இங்கே இன்னும் பொருந்துகிறது. காவல் தீவுகள் இல்லாமல் பெருங்கடல் அலை நேரே வந்து மோதும் காஷன் முனையைக் கடக்குமுன், பைன் தீவு, எக் தீவு ஆகியவற்றின் கலங்கரை விளக்கக் காவலர்கள் வானொலியில் சொல்லும் காற்று, அலை நிலவரத்துக்குக் காத்திருப்பதும் தொடர்கிறது.

மூன்றாவது கேள்வியைப் பழைய பயணக்குறிப்புகள் மிக எளிதாகத் தாண்டிச் சென்றன. கோடையில் படகுக்காரர்கள் கண்ட ஆளற்ற ஊர்கள் பலவும் கைவிடப்பட்டவை அல்ல. மக்கள் மீன்பிடிக்கவோ ஆலைகளில் உழைக்கவோ சென்றிருந்த குளிர்கால ஊர்கள் அவை. மெய்யாகவே வெறுமையான ஊர்களும் உண்டு: 1862இல் விக்டோரியா நகரிலிருந்து பரவிய பெரியம்மை, கரையோர மக்களுள் மிகப் பெரும்பகுதியினரைக் கொன்றது. 1885 முதல் 1951 வரை, பட்டம் சூட்டவும் இறந்தோரை நினைவுகூரவும் கொடை வழங்கிக் கூடும் பாட்லாச் விழாவையே கனடாவின் சட்டம் தடை செய்திருந்தது. இவற்றை அறியாமல் அவ்வீடுகளையும் மரத்தூண்களையும் வெறும் காட்சிப் பொருள்களாகக் கண்டு எழுதியது, இப்பயண இலக்கியத்தின் பெருங்குறை.

அக்குறையைத் திருத்தியவர்கள் அம்மக்களே. ஹைடா குவாய் தீவுக்கூட்டத்தில், பழைய ஊர்களைக் காக்க 1981இல் ஹைடா மக்கள் வாட்ச்மென் என்னும் காவல் அமைப்பைத் தொடங்கினர். 1993இல் கனடா அரசோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி தெற்குத் தீவுகளாகிய குவாய் ஹானாஸ் பகுதியை இரு தரப்பும் இணைந்து நிர்வகிக்கின்றன. இன்று சொந்த விசைப்படகில் அங்கு செல்ல விரும்புபவர் முன்பதிவு செய்து, அறிமுக வகுப்பில் கலந்துகொண்டு, காவலர் தங்கியுள்ள ஊரை நெருங்கியதும் வானொலியில் அழைத்து, அவர்கள் இசைவு தந்த பின்னரே கரையிறங்க வேண்டும். ஒரே வேளையில் பன்னிரண்டு பேருக்கு மேல் அவ்வூர்களில் அனுமதிக்கப்படுவதில்லை.