ஷகீகா: ஒற்றைத் தலைவலியை உலகம் அறிந்துகொண்ட வரலாறு

 

பிள்ளை தலைவலி என்று படுத்தால், படிப்பிலிருந்து தப்புவதற்கான சாட்டு என்று சிலர் கடிந்துகொள்கின்றனர்; கண்ணூறு என்று வேறு சிலர் முடிவு கட்டுகின்றனர். ஆனால் மருத்துவ அறிஞர்களோ இந்நோயைப் பல நூற்றாண்டுகளாகக் கூர்ந்து நோக்கி, வகை பிரித்து வந்துள்ளனர்.

2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், 'பாதித் தலை' எனப் பொருள்படும் சொல்லால் இதனைக் குறித்தார். அச்சொல்லே திரிந்து 'மைக்ரேன்' ஆயிற்று. அரபியில் இதன் பெயர் 'ஷகீகா'. இஹ்ராம் அணிந்திருந்த நபி (ஸல்) அவர்கள், தமக்கேற்பட்ட ஷகீகாவின் காரணமாகத் தலையில் இரத்தம் குத்தி எடுத்ததாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அவர்களுக்கே வந்த வலியைச் சாட்டு என்று நாம் எவ்வாறு தள்ளிவிடுவது?

அந்தலூசியாவின் அறுவை மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவி, நெற்றிப்பொட்டைக் கீறி வெள்ளைப்பூடு வைத்துக் கட்டும் முறையை எழுதி வைத்தார். இன்று எவரும் அதனைச் செய்தலாகாது. எனினும், அத்தகைய சிகிச்சைக்கும் நோயாளர் உடன்பட்டனர் என்றால் அவ்வேதனை எத்தகையது என்பதைச் சிந்தியுங்கள்! இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' நூலில், ஒரு பக்கத்து ஷகீகாவையும், தலைக்கவசம்போல் தலை முழுவதையும் சூழும் வலியையும் வேறுபடுத்திக் காட்டினார்.

1870இல் ஆங்கிலேய மருத்துவர் ஹியூபர்ட் ஏரி, வலிக்கு முன் தம் கண்முன் தோன்றிய வளைந்து நெளியும் ஒளிக்கோடுகளை வரைந்து வெளியிட்டார். 1988இல் சர்வதேச தலைவலிச் சங்கம் முறையான வகைப்பாட்டை வெளியிட்டது. அதன் மூன்றாம் பதிப்பு 2018இல் வந்தது.

அதன்படி முக்கிய வகைகள் மூன்று. முதலாவது, முன்னறிகுறியற்றது: துடிக்கும் வலி, குமட்டல், ஒளியையும் ஓசையையும் தாங்கவியலாமை. சிகிச்சையின்றேல் 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கலாம். சிறுவர்க்கு இருபக்கமும் வலிப்பதுண்டு. இரண்டாவது, முன்னறிகுறியுடையது: ஒளிக்கோடுகள், மரத்துப்போதல், பேச்சுத் தடுமாற்றம் ஆகியன பெரும்பாலும் 5 முதல் 60 நிமிடங்கள் வரை தோன்றும். மூன்றாவது, நாட்பட்டது: மூன்று மாதங்களுக்கு மேலாக, மாதத்தில் 15 அல்லது அதற்கு மேற்பட்ட நாட்கள் தலைவலி இருந்து, அவற்றுள் 8 நாட்களேனும் ஒற்றைத் தலைவலியின் இயல்போடு அமைவது.

பெற்றோரே! வலி வந்த நாள், உறக்கம், உணவு ஆகியவற்றைக் குறித்து வைத்து வைத்தியரிடம் காட்டுங்கள். வலி மாத்திரைகளை அடிக்கடி விழுங்குவதே புதிய தலைவலிக்குக் காரணமாகலாம். திடீரெனத் தோன்றும் கடும் வலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, முதன்முறையாக ஏற்படும் கைகால் பலவீனம் ஆகியவற்றைக் கண்டால் தாமதியாது வைத்தியசாலைக்கு விரையுங்கள்.

நோன்பும் சிலருக்கு இவ்வலியைத் தூண்டக்கூடும். நோயாளிக்கு அல்குர்ஆன் வழங்கியுள்ள சலுகையை மறவாதீர்கள். வைத்தியரையும் ஆலிமையும் கலந்து முடிவெடுங்கள்.

இளைஞர்களே! வலியை மறைக்காதீர்கள். பெற்றோரே! அதனை நம்புங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தை அருள்வானாக! ஆமீன்.